உடைஞ்ச லேப்டாப்புக்குள்ளே ஒரு சினிமா கொட்டகை... தெரியுமா?

திரையில் விரிசல். கீபோர்டில் பாதி எழுத்து அமுங்காது. பேட்டரி எப்போதோ செத்துவிட்டது. மதுரை டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் கொண்டுபோய்க் காட்டினால், "இதுக்குச் செலவு பண்ற காசுக்குக் கூடக் கொஞ்சம் போட்டுப் புதுசே வாங்கிரலாம்ண்ணே" என்று பதில் வரும். பரணில் ஏற்றிவிடுவோம்.

அந்த லேப்டாப்தான் உங்கள் வீட்டு டி.வி.க்குப் பக்கத்தில் உட்கார எல்லாத் தகுதியும் உள்ள ஆள், தெரியுமா?

யோசித்துப் பாருங்கள். திரையின் வேலையை டி.வி. பார்த்துக்கொள்ளும். கீபோர்டின் வேலையை உங்கள் கைபேசி பார்த்துக்கொள்ளும். சுவரில் பிளக் பாயின்ட் இருக்கும்போது பேட்டரி எதற்கு? வீட்டுத் தியேட்டருக்குத் தேவையான பிராசஸர், மெமரி, டிஸ்க், எச்.டி.எம்.ஐ. துளை எல்லாம் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். லேப்டாப்பில் முதலில் கெட்டுப்போகும் உறுப்புகள் எவையோ, அவை அத்தனையும் சினிமா பார்க்கத் தேவையில்லாத உறுப்புகள்! இப்படி ஒரு பொருத்தம் கல்யாணத் தரகருக்குக்கூடக் கிடைக்காது.

சரி, மதுரை வட்டாரத்தில் அப்படி எத்தனை பழைய லேப்டாப் இருந்துவிடப் போகிறது என்கிறீர்களா? 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளன்று முதலமைச்சர் ஜெயலலிதா தொடங்கிவைத்த விலையில்லா மடிக்கணினித் திட்டத்தை மறந்துவிட்டீர்களே! அடுத்தடுத்த ஆண்டுகளில் தமிழ்நாடு முழுக்க 50 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர் கைக்குப் போன பெட்டிகள் அவை. திருமங்கலம், உசிலம்பட்டி, மேலூர், வாடிப்பட்டி என்று எந்த ஊர்த் தெருவில் கேட்டாலும் ஒன்றாவது பீரோ மேல் கிடக்கும். பிள்ளை படித்து முடித்து வேலைக்குப் போய்விட்டான், பெட்டி வீட்டிலேயே தங்கிவிட்டது. 2025-26 பட்ஜெட்டில் கல்லூரி மாணவர்களுக்கு 2 ஆண்டுகளில் 20 லட்சம் கணினிகள் என்று மறுபடியும் அறிவிப்பு வந்ததே, அந்தப் புதுசுகள் வரவர இந்தப் பழசுகளுக்கு இன்னும் ஓய்வு!

இன்னொன்று. அந்தப் பெட்டிகளின் மூடியில் இருக்கும் அரசு முத்திரைக் கோபுரம் எந்த ஊருடையது? 'ஸ்ரீவில்லிபுத்தூர்' என்றுதான் பள்ளியில் படித்தோம். ஆனால் 1949இல் அதை வரைந்த ஓவியர் ஆர்.கிருஷ்ணாராவ் மதுரையில் பிறந்தவர். அவர் மாதிரியாக வைத்துக்கொண்டது மீனாட்சியம்மன் கோயிலின் மேற்குக் கோபுரம் என்று ஒரு கட்சி இன்றும் வாதாடுகிறது! மதுரைக்காரர்கள் எந்தக் கட்சி என்று தனியாகச் சொல்ல வேண்டுமா?

இப்போது ஒரு கணக்கு. 2006இல் கருணாநிதி ஆட்சி தந்த இலவச வண்ணத் தொலைக்காட்சி 14 அங்குலம். அடுத்த ஆட்சி தந்த லேப்டாப்பும் 14 அங்குலம். இரண்டில் எதில் படம் பெரிதாகத் தெரியும்? மொத்தப் பரப்பில் டி.வி.தான் பெரிது. அதன் முகம் நாலுக்கு மூன்று என்ற பழைய சதுரக்கட்டு, லேப்டாப்புக்கு முகம் நீளம், உயரம் குறைவு. ஆனால் சினிமாஸ்கோப் படத்தைப் போட்டதும் கதை தலைகீழ்! டி.வி.யில் மேலும் கீழும் கறுப்புப் பட்டை கிட்டத்தட்டப் பாதியை விழுங்கிவிடும். லேப்டாப்பில் அதே படம் பரப்பில் ஏறக்குறைய 19 விழுக்காடு பெரிதாக நிற்கும். தமிழின் முதல் சினிமாஸ்கோப் படமான 1973ஆம் ஆண்டு 'ராஜராஜ சோழ'னைப் போட்டு நீங்களே அளக்கலாம்.

அது இருக்கட்டும், அந்த லேப்டாப்பை 43 அங்குல டி.வி.யில் செருகினால்? பரப்பு 9 மடங்குக்கும் மேல்!

இரண்டு அரசுப் பெட்டிகளையும் ஒன்றோடொன்று இணைக்கவும் முடியும். பழைய குண்டு டி.வி.க்கு மஞ்சள், சிவப்பு, வெள்ளை என்று மூன்று துளைதான். லேப்டாப்பில் எச்.டி.எம்.ஐ. நடுவில் 'எச்.டி.எம்.ஐ. டு ஏ.வி. கன்வெர்ட்டர்' என்று தீப்பெட்டி அளவில் ஒன்று கிடைக்கும். அதை வைத்தால் போதும், படம் ஓடும். எழுத்துதான் வாசிக்க வராது, ஏனென்றால் அந்த டி.வி.க்குத் தெரிந்தது 576 வரிகள் மட்டுமே. லேப்டாப்பில் வி.ஜி.ஏ. என்ற நீலநிற அகலத் துளை மட்டும் இருந்தால் ஒன்றை மறக்காதீர்கள்: 1987இல் ஐ.பி.எம். கொண்டுவந்த அந்த வயரில் படம் மட்டும்தான் போகும், சத்தம் போகாது. 'டி.வி.யில் ஊமைப்படம் வருது' என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுபவர்களில் பலருக்கு நோய் இதுதான்.

கரண்ட் பில் எகிறுமா? எகிறாது! படம் ஓட்டும் லேப்டாப் சுமார் 30 வாட் இழுக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். தினம் 3 மணி நேரம், 60 நாள். மொத்தம் 5.4 யூனிட். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமாக வரும் ஊரில் இது ஒரு கணக்கா? டி.வி. தனியாக இழுப்பது இருக்கவே இருக்கிறது. அதை லேப்டாப் தலையில் கட்டாதீர்கள். 2012இன் பவர்கட்டை அனுபவித்தவர்களுக்கு இன்னொரு வசதியும் புரியும். பேட்டரியில் கொஞ்சம் உயிர் மிச்சம் இருந்தால், கரண்ட் போய் டி.வி. அணைந்தாலும் லேப்டாப் அணையாது. படத்தை நிறுத்திவைத்தால், கரண்ட் வந்ததும் நின்ற இடத்திலிருந்தே கிளம்பும். தனியாக யு.பி.எஸ். எதற்கு?

இனி சூட்சுமமான இடத்துக்கு வருவோம். 2011ஆம் ஆண்டு லேப்டாப்பில் முழு எச்.டி. படம் வெண்ணெய் மாதிரி ஓடுகிறது. அதே லேப்டாப்பில் யூடியூப் போட்டால் திக்குகிறது, ஃபேன் அலறுகிறது. ஏன் தெரியுமா? லேப்டாப்புக்கு வயசாகிவிட்டது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். படக் கோப்பு பெரும்பாலும் எச்.264 என்ற முறையில் சுருக்கப்பட்டது. அதை விரித்துக் காட்டுவதற்கென்றே அந்தக் காலத்து பிராசஸருக்குள் தனிச் சுற்று ஒன்று உண்டு. ஆனால் யூடியூப் அனுப்புவது பெரும்பாலும் வி.பி.9, அல்லது ஏ.வி.1. அதற்கான சுற்று உள்ளே இல்லாததால் பிராசஸரே கையால் இழுத்துக் கரை சேர்க்கிறது, மூச்சு வாங்குகிறது. பிரவுசரில் 'எச்264ஐஃபை' என்ற சிறு இணைப்பைப் போட்டால், 'எனக்குப் பழைய முறையிலேயே அனுப்பு' என்று அது யூடியூபிடம் கேட்டு வாங்கும். அலறல் நிற்கும்!

உங்கள் பிராசஸர் எந்தத் தலைமுறை என்று கண்டுபிடிப்பதும் எளிது. ஐ3-2310 என்றிருந்தால் சிறு கோட்டுக்கு அடுத்த எண்ணைப் பாருங்கள். இது இரண்டாம் தலைமுறை, 2011ஆம் ஆண்டு ரகம். எச்.265 படங்கள் சிரமமில்லாமல் ஓட ஆறாம் தலைமுறையாவது வேண்டும். அதிலேயே '10 பிட்' என்று வரும் வகைக்கும் வி.பி.9-க்கும் ஏழு. ஏ.வி.1-க்குப் பதினொன்று. ஓ.டி.டி.யில் 4கே பார்க்கும் ஆசை இருந்தால் பழைய லேப்டாப்பை நம்பாதீர்கள். அதற்கு எச்.டி.சி.பி. 2.2 என்ற பூட்டுச் சாவியெல்லாம் சரியாக இருக்க வேண்டும். 1080 வரிகள் போதும் என்பவர்களுக்குத்தான் இந்த விளையாட்டு. என்னைக் கேட்டால், 43 அங்குல டி.வி.யைப் பத்தடி தள்ளி உட்கார்ந்து பார்ப்பவருக்கு 4கே இருந்தும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

தேர் மெதுவாக அசையும் காட்சியில் படம் லேசாகத் தட்டித் தட்டி நகர்வதைக் கவனித்திருக்கிறீர்களா? சினிமா நொடிக்கு 24 படம். லேப்டாப் டி.வி.க்கு அனுப்புவதோ நொடிக்கு 60. இருபத்துநாலு அறுபதுக்குள் மீதியில்லாமல் அடங்காது. அதனால் ஒரு படத்தை 2 முறை, அடுத்ததை 3 முறை என்று நொண்டி நொண்டிக் காட்டுகிறது! டிஸ்ப்ளே செட்டிங்கில் போய் 60 ஹெர்ட்ஸை 24 ஆக மாற்றிப் பாருங்கள். டி.வி. ஒத்துக்கொண்டால் தேர் வழுக்கிக்கொண்டு போகும். 'கோடி' என்ற இலவச மென்பொருளில் இதைத் தானாகவே மாற்றிக்கொள்ளும் வசதி உண்டு.

இதைவிடப் பெரிய வேடிக்கை நம் பழைய டி.வி. காலத்தில் நடந்தது. இந்தியா பின்பற்றிய 'பால்' என்ற ஒளிபரப்பு முறையில் நொடிக்கு 25 படம். 24 படமாக எடுத்த சினிமாவை 25 ஆக ஓட்டுவதுதான் அந்த முறை நாடுகளின் வழக்கம். விளைவு? 150 நிமிடப் படம் 144 நிமிடத்தில் முடிந்துவிடும்! ஆறு நிமிடம் எங்கே போனது என்று யாரும் கேட்கவில்லை. பாட்டின் சுருதியும் அரைக் கட்டைக்குச் சற்றுக் குறைவாக ஏறிவிடும். ரேடியோவில் கேட்ட இளையராஜா பாட்டு அப்படி ஓட்டிய பிரதியில் கொஞ்சம் துள்ளலாக ஒலித்தால் உங்கள் காதைச் சந்தேகப்படாதீர்கள்! அந்த வேகத்தில் பதிவான பழைய பிரதி உங்களிடம் இருந்தால், அதைச் சரியான வேகத்துக்கு இறக்கி ஓட்ட, படம் ஓட்டும் இலவச மென்பொருளான வி.எல்.சி.யில் வழி இருக்கிறது. வேகத்தை 0.96 என்று வைக்க வேண்டியதுதான். சுருதியும் சேர்ந்து இறங்க வேண்டுமென்றால் ஆடியோ செட்டிங்கில் 'டைம் ஸ்ட்ரெச்சிங்' என்பதை எடுத்துவிட வேண்டும்.

அந்த வி.எல்.சி.யின் கதை தெரியுமா? 1996இல் பாரிஸுக்குப் பக்கத்தில் ஒரு பொறியியல் கல்லூரி விடுதி. மாணவர்களுக்கு நெட்வொர்க் மந்தமாக இருந்தது. கேம் ஆட முடியவில்லை. வேகமான நெட்வொர்க்குக்குக் காசு வேண்டுமானால் ஒரு காரணம் வேண்டும். 'வீடியோவை நெட்வொர்க் வழியாக அறைதோறும் அனுப்பிக் காட்டுகிறோம்' என்று ஒரு திட்டத்தைக் கையில் எடுத்தார்கள். அந்தச் சாக்கில் பிறந்ததுதான் வி.எல்.சி.! 2001இல் திறந்த மூலமாக வெளியே வந்தது. ஆரஞ்சு நிறக் கூம்பு அடையாளம்கூட, மாணவர்கள் ரோட்டிலிருந்து விடுதிக்குத் தூக்கிவந்த போக்குவரத்துக் கூம்புகளின் நினைவாகத்தான். கோடியின் கதையும் அதே மாதிரி குறும்புதான். மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுப் பெட்டியை உடைத்து அதில் படம் ஓட்டப் பார்த்தவர்களின் கைவேலையாகத் தொடங்கி, 2014இல் இந்தப் பெயருக்கு மாறியது.

அந்த வி.எல்.சி.யை வைத்து நீங்கள் செய்ய வேண்டிய முதல் வேலை சினிமா பார்ப்பது அல்ல. பீரோவைத் திறந்து கல்யாண சி.டி.யை எடுப்பது!

1990களின் கடைசியிலிருந்து சுமார் பத்துப் பதினைந்து வருடம் நம் கல்யாணம், காதுகுத்து, சடங்கு, கிரகப்பிரவேசம் எல்லாம் வி.சி.டி.யில்தான் வீடு வந்து சேர்ந்தன. மேலே மணமக்கள் படம் ஒட்டிய பிளாஸ்டிக் டப்பா, உள்ளே மூன்று நான்கு தட்டு. ஒரு தட்டில் 74இலிருந்து 80 நிமிடம்தான் பிடிக்கும், அதனால் முகூர்த்தம் ஒரு தட்டு, பந்தி ஒரு தட்டு. படத்தின் அளவு 352க்கு 288 புள்ளிதான், இன்றைய கைபேசி வீடியோவுக்கு முன்னால் தூசு. ஆனால் அந்தத் தட்டில் இருக்கும் தாத்தா, அப்பத்தா, பந்தியில் பரிமாறிக்கொண்டு திரும்பிச் சிரிக்கும் மாமா இன்று வேறெங்கும் கிடையாது. பெரும்பாலான வீட்டில் சி.டி. பிளேயர் செத்துவிட்டது. புதிய லேப்டாப்களில் டிஸ்க் போடும் வாயே இல்லை. வீட்டில் மிச்சமிருக்கும் ஒரே வாய், இந்தப் பழைய லேப்டாப்பின் டிவிடி டிரைவ்!

ஏன் அவசரம் தெரியுமா? கடையில் அச்சடித்து விற்ற சினிமா சி.டி. வேறு, ஸ்டுடியோக்காரர் எழுதித்தந்த சி.டி. வேறு. எழுதும் தட்டில் தகவல் பதிவது ஒரு சாயப் படலத்தில். சாயம் வெயிலிலும் சூட்டிலும் வெளுக்கும். மதுரைக் கத்திரி வெயிலில் மேற்குச் சுவர் பீரோவுக்குள் இத்தனை வருடம் கிடந்தது எந்த நிலையில் இருக்கும்? தட்டைப் போடுங்கள். 'எம்பெக்ஏவி' என்ற ஃபோல்டரைத் திறங்கள். அதில் 'டேட்' என்று முடியும் பெரிய கோப்புகள்தான் உங்கள் கல்யாணம். அப்படியே டிஸ்க்குக்கு இழுத்துப் போடுங்கள். கீறல் விழுந்த இடத்தில் திணறினால் தட்டை மென்மையான துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேர்கோட்டில் துடையுங்கள், வட்டமாகத் துடைக்காதீர்கள். காப்பி ஆனதும் இன்னொரு டிரைவில் ஒரு பிரதி. அப்புறம் டி.வி.யில் போட்டுவிட்டு வீட்டாரைக் கூப்பிட்டுப் பாருங்கள். அன்றைக்கு எந்த ஓ.டி.டி.யும் எடுபடாது.

உண்மையில் நம் ஊரில் வீட்டுத் தியேட்டர் 1980களிலேயே வந்துவிட்டது, பெயர்தான் வேறு. 'டி.வி. டெக் வாடகைக்கு!' கோயில் திருவிழாவுக்கும் கல்யாண வீட்டுக்கும் டெக்கை எடுத்துவந்து, வாசலில் பாய் விரித்து, விடிய விடிய மூன்று படம். டெக்கில் போடும் வி.எச்.எஸ். கேசட்டில் 3 மணி நேரம் கொள்ளும் ரகம் உண்டு. நம் படத்தின் நீளத்துக்கென்றே அளந்து செய்த மாதிரி!

சத்தத்துக்கு வருவோம். லேப்டாப் ஸ்பீக்கர் சினிமாவுக்கு உதவாது. ஆனால் நம்மூரில் அசெம்பிள் செட் இருக்கிறதே! டி.டி.ஏ.2030 ஐ.சி. வைத்து, மரப்பெட்டியில் ஊஃபர் கட்டி, தெருமுனை ரேடியோ கடைக்காரர் செய்துதந்த ஆம்ப்ளிஃபயர். ஹெட்போன் துளையிலிருந்து ஒரு ஸ்டீரியோ வயர் இழுத்தால் முடிந்தது. இணைத்தவுடன் 'ம்ம்ம்ம்' என்று இரைச்சல் வருகிறதா? பேட்டரியில் கொஞ்சம் உயிர் இருந்தால் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். இரைச்சல் நின்றால் ஆம்ப்ளிஃபயரைப் பிரிக்க வேண்டாம். எர்த் வழியாக ஓடும் சுற்றுதான் காரணம். லேப்டாப், டி.வி., ஆம்ப்ளிஃபயர் மூன்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகினால் பெரும்பாலும் அடங்கும். அதற்கும் அடங்காவிட்டால் நடுவில் போட 'கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர்' என்று ஒன்று விற்கிறார்கள். எர்த் பின்னை மட்டும் வெட்டிவிடாதீர்கள், அது உயிர்க்காப்பு.

ரிமோட்? கைபேசியில் கோடிக்கான 'கோர்' செயலி, அவ்வளவுதான். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்ததே என்று கவலையா? 'லிப்ரெஎலெக்' என்ற இலவச லினக்ஸைப் பென்டிரைவில் எழுதிச் செருகிப் பாருங்கள். பெட்டி நேராகக் கோடியில் போய் எழுந்திருக்கும், வேறெதுவுமே தெரியாது. லினக்ஸ் என்றதும் மிரள வேண்டாம். அரசு லேப்டாப்புகளில் விண்டோஸோடு கூடவே வந்த 'பாஸ்' என்பதும் லினக்ஸ்தான், மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கியது. பல மாணவர்கள் அதை ஒருமுறைகூடத் திறந்து பார்த்திருக்க மாட்டார்கள். படத்தின் ஓரம் டி.வி.யில் வெட்டுப்படுகிறதா? டி.வி. ரிமோட்டில் 'ஸ்கிரீன் ஃபிட்' அல்லது 'ஜஸ்ட் ஸ்கேன்' என்று தேடுங்கள். குண்டு டி.வி. காலத்து ஓரங்களை மறைக்கப் பிறந்த பழக்கத்தைத் தட்டை டி.வி.கள் இன்னும் விடவில்லை.

ஒரே ஒரு எச்சரிக்கை, இதில் விளையாட்டு வேண்டாம். நாள் முழுக்க சார்ஜரிலேயே 100 விழுக்காட்டில் நிற்கும் பேட்டரி, அதுவும் 40 டிகிரி ஊரில், உப்பும். டச்பேடு மேலே தூக்கிக்கொண்டு வந்தால் அதுதான் அறிகுறி. கழற்றும் வகை பேட்டரி என்றால், யு.பி.எஸ். வசதி போனாலும் பரவாயில்லை, கழற்றியே ஓட்டுங்கள், பெரும்பாலான பழைய லேப்டாப்புகள் ஓடும். உள்ளே பதித்த வகை என்றால், சார்ஜை 60 அல்லது 80இல் நிறுத்தும் அமைப்பு இருக்கிறதா பாருங்கள். உப்பியதைக் குத்தவோ குப்பையில் போடவோ கூடாது, சர்வீஸ் கடையில் கொடுத்துவிடுங்கள். ஃபேனில் அடைந்த தூசியையும் அங்கேயே ஊதச் சொல்லுங்கள். டி.வி. ஸ்டாண்டில் வைக்கும்போது அடியில் நாலு பாட்டில் மூடி முட்டுக் கொடுத்தால் காற்று போகும்.

திரை 43 அங்குலம் போதாது என்கிறவரா? மதுரைக்காரர் அப்படித்தான் கேட்பார்! 1937இல் வெளியான 'சிந்தாமணி' படம் கொட்டிய லாபத்தில் அதே பெயரில் ஒரு தியேட்டரே கட்டிய ஊர் இது. 1952 தீபாவளிக்கு 'பராசக்தி'யோடு திறந்த தங்கம் தியேட்டரில் 2,563 இருக்கைகள், ஆசியாவிலேயே பெரிது என்று பேசப்பட்டது. இப்போது அங்கே ஜவுளிக்கடை.

அவ்வளவு வேண்டாம், மொட்டைமாடி போதும். சிறிய புரொஜெக்டர் ஒன்று, அதே லேப்டாப், வெள்ளையடித்த மாடிச் சுவர். வேட்டியைக் கட்டினால் வெளிச்சம் பாதி ஊடுருவிப் பின்னால் போய்விடும், சுவர்தான் நல்லது. புரொஜெக்டர் பெட்டியில் ஆயிரக்கணக்கில் போட்டிருக்கும் 'லூமன்' என்ற வெளிச்ச எண்ணை நம்பிவிடாதீர்கள். 'ஆன்சி லூமன்' எவ்வளவு என்று கேளுங்கள், பல மலிவுப் பெட்டிகளில் அது பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. டூரிங் டாக்கீஸில் ஒற்றை புரொஜெக்டரை வைத்துக்கொண்டு ரீல் மாற்ற நாலு இடைவேளை விட்டார்கள். உங்களுக்கு இடைவேளையே தேவையில்லை, முறுக்கு தீர்ந்தால் தவிர. கொசுவத்தியை மட்டும் புரொஜெக்டர் காற்று இழுக்கும் பக்கமாக வைத்துவிடாதீர்கள். புகை உள்ளே போய் லென்ஸில் படிந்தால் அதைத் துடைக்கக் கூலி, கொசுவத்தி ஒரு வருடத்துக்கு வாங்குகிற காசு.